ஈரம் காயாத கோடு

உங்கள் முதல் சிலை எது என்று கேட்பவர்களிடம் நான் பல வருஷமாக ஒரே பொய்யைத்தான் சொல்லி வருகிறேன். சென்னையில் ஒரு பள்ளிக்கூட வாசலில் புத்தகம் படிக்கிற பெண் இருக்கிறாளே, அவள்தான் முதல் என்பேன். அவள் இரண்டாவது. முதல் சிலை கடப்பாக்கத்து மீன் சந்தை வாசலில் ஒன்றரை வருஷம் நின்றது. அந்த ஒன்றரை வருஷத்தில் ஒரு நாளாவது நான் நிம்மதியாகச் சோறு தின்றதாக ஞாபகம் இல்லை. இப்போது எனக்கு வயசாகிவிட்டது. இனிமேல் உண்மையைச் சொன்னால் யாரும் என்னைப் பிடித்துக் கருங்குழியில் கட்டிக்கொடுத்துவிட முடியாது என்ற தைரியத்தில் சொல்கிறேன்.

எழுபதுகளின் நடுவில் அது. சென்னையில் சிற்பம் படித்து முடித்துவிட்டுச் செங்கல்பட்டில் அப்பா வீட்டில் வந்து உட்கார்ந்திருந்தேன். அப்பா கோர்ட்டில் குமாஸ்தா. மண் பிசைவதற்கு எதற்கு அஞ்சு வருஷப் படிப்பு என்பது அவருக்குக் கடைசிவரை விளங்கவில்லை. கருங்குழியில் லாரி வைத்திருந்த ஒரு குடும்பம் என்னைப் பெண் கேட்டுக்கொண்டிருந்தது. மாப்பிள்ளையிடம் ஒரு குறையும் இல்லை. அந்த வீட்டில் உளிச் சத்தம் கேட்க விடமாட்டார்கள், அவ்வளவுதான்.

அந்தச் சமயத்தில்தான் கடப்பாக்கத்தில் புதிதாகக் கட்டிய மீன் சந்தைக்கு முன்னால், கூடை சுமக்கிற மீன்காரி ஒருத்தியின் கல் சிலை வைக்க வேண்டுமென்று ஓர் அதிகாரிக்கு ஆசை வந்தது. கல்லூரியில் என் பெயரைச் சொல்லிவிட்டார்கள். அப்பா இரண்டு நாள் யோசித்தார். "இது ஒண்ணை முடிச்சிக் காட்டு. ஊர்ல நாலு பேரு நல்லாருக்குன்னு சொன்னா நான் குறுக்க வரமாட்டேன். ஒடைஞ்சி கிடைஞ்சி போச்சுன்னா கருங்குழிக்குத் தகவல் சொல்லிடுவேன்" என்றார். கோர்ட்டுக்காரர் அல்லவா, நிபந்தனை இல்லாமல் எதையும் கொடுக்கமாட்டார்.

மாமல்லபுரத்தில் ஒரு கல் பட்டறையின் ஓரமாக எனக்கு ஒரு கீற்றுக் கொட்டகை கிடைத்தது. காலையில் திருக்கழுக்குன்றம் வழியாக வரும் பஸ்ஸில் போவேன், சாயங்காலம் அதே வழியில் திரும்புவேன். பட்டறையில் பதினான்கு ஆண்கள் கோயில்களுக்குச் சாமி சிலை செய்துகொண்டிருந்தார்கள். உளி பிடித்த பெண் நான் ஒருத்திதான். மற்ற பெண்களெல்லாம் தண்ணீர் ஊற்றிக் கல்லைத் தேய்த்து வழவழப்பாக்குகிறவர்கள். என்னை யாரும் விரட்டவில்லை, கேலிகூடச் செய்யவில்லை. எல்லாரும் வேலையை நிறுத்திவிட்டுப் பார்ப்பார்கள். அது கேலியைவிட மோசம்.

முதல் நாள் மேஸ்திரி கற்கள் கிடந்த இடத்துக்குக் கூட்டிப்போய், "தட்டிப் பாத்து எடும்மா. பொம்பளை உருவத்துக்குப் பொம்பளைக் கல்லா எடுக்கணும். வெண்கலத் தட்டைத் தட்டுனா மாரி கேக்கும். மொத்துனு கேட்டா தொடாத" என்றார்.

எனக்கு எப்போதுமே மூக்குக்கு மேல் கோபம். பஸ்ஸில் ஏறினால் பொம்பளை இடம், வீட்டில் பொம்பளைக்கு எதுக்கு இந்த வேலை, இப்போது கல்லிலுமா என்று சுர்ரென்று ஏறிவிட்டது. கல்லூரியில் படித்த திமிர் வேறு. "கல்லுல ஏதுங்க ஆம்பளை பொம்பளை?" என்று சொல்லிவிட்டு, மணலில் பாதி புதைந்து கிடந்த ஒரு நீலக் கருங்கல்லை நிறத்துக்காகவே தேர்ந்தெடுத்தேன். தட்டிப் பார்க்கவில்லை. மேஸ்திரி பீடியைப் பற்றவைத்துக்கொண்டு போய்விட்டார். உள்ளே விரிசல் இருக்கிற கல் ஒலிக்காது. அந்த விஷயத்தைத்தான் இவர்கள் ஆண், பெண் என்று பெயர் வைத்துத் தலைமுறையாகச் சொல்லி வந்திருக்கிறார்கள் என்று எனக்குப் புரிந்தபோது மூன்று மாதம் ஓடியிருந்தது.

மூன்று மாதம் பைத்தியமாக வேலை செய்தேன். ஐந்தடி உயரம். தலையில் பெரிய கூடை. ஒரு கை இடுப்பில், இன்னொரு கை உயர்ந்து கூடையின் விளிம்பைப் பிடித்திருக்கும். உயர்ந்த கைக்கும் தலைக்கும் நடுவில் கல்லைக் குடைந்து வெளிச்சம் தெரிகிற மாதிரி இடைவெளி விட்டேன். பட்டறைக்காரர்களே அந்த இடைவெளியைக் குனிந்து பார்த்துவிட்டுப் போனார்கள். எனக்குத் தலை கால் புரியவில்லை.

ஒரு நாள் பகல் சாப்பாட்டுக்கு முன்னால் தூசி போகச் சிலை முழுக்கத் தண்ணீர் ஊற்றிக் கழுவினேன். கட்டுச்சோற்றைச் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தபோது வெயிலில் கல் காய்ந்து வெளுத்திருந்தது. ஓர் இடம் மட்டும் காயவில்லை. கூடையின் அடியில் தொடங்கி, மணிக்கட்டைச் சுற்றி, முழங்கை வரைக்கும் மயிரிழை அளவுக்கு ஓர் ஈரக் கோடு. விரலால் துடைத்தேன். மறுபடி கசிந்தது. உள்ளே போன தண்ணீர் வெளியே வருகிறது. அப்போதுதான், அந்தக் கல்லை எடுத்த பிறகு முதல் தடவையாக, சுத்தியல் பிடியால் கூடையைத் தட்டிப் பார்த்தேன். மொத் என்றது.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை என்று கேட்டிருக்கிறேன், அன்றைக்குத்தான் அதன் அர்த்தம் உடம்பில் ஏறியது.

எதிர்க் கொட்டகையிலிருந்து மேஸ்திரி, "இன்னாம்மா, மூஞ்சி பேயறைஞ்சா மாரி கீது?" என்றார்.

"வெயிலுங்க" என்றேன்.

அந்தப் பட்டறையில் ஒரு வழக்கம் இருந்தது. யாருடைய கல்லிலாவது விரிசல் தெரிந்தால் அவர் எழுந்து நின்று, "கல்லு போச்சு" என்று உரக்கச் சொல்ல வேண்டும். எல்லாரும் உளியைக் கீழே வைத்துவிட்டு வந்து பார்ப்பார்கள். யார் தப்பு என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள். அந்தக் கல் படிக்கட்டாகவோ துணி துவைக்கிற கல்லாகவோ போய்விடும். அந்த ஆள் மறுநாள் வேறு கல்லில் ஆரம்பிப்பார். நான் அங்கிருந்த மாதங்களில் இரண்டு பேர் அப்படி எழுந்து நின்று சொன்னதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் அவர்கள் கல் உடைந்தால் கல் உடைந்தது. என் கல் உடைந்தால் பொம்பளை உடைத்தது. எழுந்து நின்றேன், வாயைத் திறந்தேன், கருங்குழி ஞாபகம் வந்தது, உட்கார்ந்துவிட்டேன். இன்றைக்கும் அந்த உட்கார்ந்த நிமிஷத்தை நினைத்தால் எனக்கு என்மேலே ஆத்திரம் வருகிறது.

மறுநாள் செங்கல்பட்டில் நாட்டு மருந்துக் கடையில் குங்கிலியமும் தேன்மெழுகும் வாங்கி முந்தானையில் மறைத்துக் கொண்டுபோனேன். சிலையின் ஓரத்தில் சின்னதாகச் சில்லு பெயர்ந்து போனால், இவற்றை உருக்கிக் கல் பொடியோடு குழைத்து அப்புவது பட்டறையில் எல்லாரும் செய்கிற காரியம்தான். வாங்க வருகிறவரிடம் இடத்தைக் காட்டிச் சொல்லியும் விடுவார்கள். பாரம் தாங்குகிற இடத்தில் மட்டும் செய்யமாட்டார்கள், அது கொலைக்குச் சமம் என்பார்கள். நான் பாரம் தாங்குகிற இடத்தில் அப்பினேன். மற்றவர்கள் டீ குடிக்கப் போயிருந்த நேரத்தில், மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும் அப்பித் தேய்த்துச் சமமாக்கினேன். கண்ணுக்குத் தெரியவில்லை.

கைக்குத் தெரிந்தது. என் சிலையைத் தேய்த்துக் கொடுத்த பெண்ணுக்கு என்னைவிட ஒரு வயசு குறைவு. கடப்பாக்கத்தில் பிறந்து மாமல்லபுரத்துக் குப்பத்தில் வாழ்க்கைப்பட்டவள். சிலைக்கு அவள் முகத்தைத்தான் பார்த்துச் செய்திருந்தேன். தேய்த்துக்கொண்டே வந்தவள் முழங்கையில் நிறுத்தினாள்.

"அக்கா, இங்க இன்னாவோ வழவழன்னு கீது. கல்லு மாரி இல்ல."

"அது கல்லோட ரேகை. நீ தேய்" என்றேன்.

"சரிக்கா. நீ படிச்சவ" என்று சொல்லிவிட்டுத் தேய்த்தாள். பிறகு குஷியாக, "எங்கம்மா அந்தச் சந்தைலதான் மீன் விக்குது. இனிமே எம்மூஞ்சியப் பாத்துகினே விக்கும்" என்றாள்.

கடைசியாகச் சிலை முழுக்க எண்ணெய் பூசிக் கருப்பாக்கினேன். எண்ணெய் ஏறிய கல்லில் எந்தக் கோடும் தெரியாது. அதற்காகவே இரண்டு தடவை பூசினேன்.

லாரியில் ஏற்றுகிற அன்றைக்குச் சவுக்குக் கழிகளும் கயிறுமாக எட்டுப் பேர் வந்தார்கள். அதில் ஒருவர் வழுக்கைத் தலைக்காரர். சரியாக அந்த உயர்ந்த கைக்குக் கீழே தோளைக் கொடுத்துத் தூக்கினார். நான் அந்த வழுக்கைத் தலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். நிறுத்துங்கள் என்று சொல்ல வேண்டும். சொல்லவில்லை. ஏற்றிவிட்டார்கள். கடப்பாக்கத்தில் இறக்கியும் விட்டார்கள். ஒன்றும் ஆகவில்லை. வழுக்கைத் தலைக்காரர் என்னிடம் வந்து, "கண்ணு, நல்லா செஞ்சிருக்க" என்றார். நான் சந்தைக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தேன்.

மூன்றடிப் பீடத்தில் நிறுத்தி, மாலை போட்டு, பேசினார்கள். பத்திரிகையில் படம் வந்தது. அப்பா அந்தப் பக்கத்தைக் கத்தரித்துக் கோர்ட்டுக்கு எடுத்துப் போய் எல்லாருக்கும் காட்டினார். சொன்ன வாக்குப்படி குறுக்கே வரவில்லை. மாமல்லபுரத்தில் அறை எடுத்துத் தங்கவும் விட்டார். கருங்குழிக்காரர்கள் வேறு இடத்தில் பெண் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் படத்தைப் பார்த்துத்தான் சென்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து புத்தகம் படிக்கிற பெண்ணைச் செய்யச் சொல்லிக் கூப்பிட்டார்கள். எது நடக்க வேண்டுமென்று வேண்டினேனோ அத்தனையும் நடந்தது. அத்தனையும் அந்த மெழுகின்மேல் நின்றது.

சந்தை வாசலில் வேறு நிழல் இல்லை, சிலைக்குக் கீழே மட்டும் ஓர் ஆள் உட்கார நல்ல நிழல் விழுந்தது. அந்த நிழலில் உட்கார யாருக்கு உரிமை என்று பேச்சு வந்தபோது, முகம் யாருடையதோ அவளுடைய அம்மாவுக்குத்தான் என்று தீர்த்துவிட்டார்கள். தேய்த்துக் கொடுத்த பெண்ணின் அம்மா ஒரு பாயை விரித்துக்கொண்டு, பீடத்தில் முதுகைச் சாய்த்து, உயர்ந்த கைக்கு நேர் கீழே உட்கார்ந்து மீன் விற்றாள். என்னைப் பார்க்கும்போதெல்லாம், "எம்மாம் நெழலு பாரு. எனுக்குன்னே கை தூக்கிகினு நிக்கிறா" என்பாள்.

நான் மாதத்துக்கு ஒரு தடவையாவது போனேன். மதுராந்தகத்தில் பஸ் மாறி, செய்யூர் தாண்டி, சவுக்குத் தோப்பும் வேர்க்கடலைக் காடும் பார்த்தபடி போகிற அந்தப் பயணம் முழுக்க, இறங்கும்போது அங்கே கூட்டமாக நிற்பார்களோ என்றுதான் நினைத்துக்கொண்டிருப்பேன். போனதும் ஒரு பெட்டிமேல் ஏறி அந்தக் கைக்கு எண்ணெய் தடவுவேன், மெழுகு உருகி வழிந்திருக்கிறதா என்று பார்ப்பேன். ரேடியோவில் புயல் என்று சொன்னால் ராத்திரி முழுக்க விழித்துக் கிடப்பேன். வாசலில் தபால்காரர் சைக்கிள் மணி அடித்தால் தந்தியோ என்று ஓடுவேன். மடியில் கனமிருந்தால் வழியில் பயம் என்பார்கள். எனக்கு வழி என்று தனியாக இல்லை, எல்லா இடத்திலும் பயம்தான். புத்தகம் படிக்கிற பெண்ணுக்குக் கல் எடுத்தபோது ஒரு கல்லை நாற்பது தடவை தட்டினேன். மேஸ்திரியே போதும்மா என்று கையைப் பிடித்தார்.

அந்த அம்மாளிடம் தள்ளி உட்காரச் சொல்லலாமே என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும் ஒவ்வொரு தடவையும் தோன்றியது. ஏன் என்று கேட்பாளே. அதற்குப் பதில் சொன்னால் அந்தப் பதில் அடுத்த பஸ்ஸிலேயே ஏறிச் செய்யூர், மதுராந்தகம், செங்கல்பட்டு என்று போய் அப்பாவின் மேஜையில் இறங்கிவிடும். அவள் கொடுக்கிற கருவாட்டை வாங்கிக்கொண்டு திரும்பி வருவேன்.

நான் எண்ணெய் தடவுவதைப் பார்த்து அவர்களும் தடவத் தொடங்கினார்கள். சிலை வந்த மாதம் பாடு நன்றாக இருந்ததாம், வலை நிறைய மீனாம். யாரோ மஞ்சள் பூசினார்கள். யாரோ குங்குமம் வைத்தார்கள். ஆறே மாதத்தில் என் மீன்காரி கூடைக்காரியம்மன் ஆகிவிட்டாள். வேறு நேரமாக இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். இரண்டாம் வருஷம் ஆடி மாதம் கூழ் ஊற்றுகிறோம், செஞ்ச கை நீதான் வந்து நிக்கணும் என்று ஆள் அனுப்பினார்கள்.

நான் போய்ச் சேர்ந்தபோது பந்தல் போட்டு, மேளம் அடித்துக்கொண்டிருந்தார்கள். ஊரே திரண்டிருந்தது. அந்த முழங்கையின் மடிப்பில் ஒரு மண் சட்டியை உட்கார வைத்து, அது நிறையக் கற்பூரம் கொட்டிக் கொளுத்தியிருந்தார்கள். சுவாலை கூடையின் அடியை நக்கிக்கொண்டிருந்தது. பந்தலுக்கு வெளியே பெண்கள் குடம் குடமாக மஞ்சள் தண்ணீரோடு அம்மன்மேல் ஊற்ற வரிசையில் நின்றார்கள்.

கல் குவாரியில் பாறையைப் பிளப்பதை நான் பார்த்திருக்கிறேன். பாறைமேல் நெருப்பு மூட்டுவார்கள், நன்றாகச் சூடேறியதும் தண்ணீரைக் கொட்டுவார்கள். மலையே வாயைப் பிளக்கும். இங்கே ஏற்கனவே பிளந்த கல். கீழே பாயில், பீடத்தில் சாய்ந்தபடி, அந்த அம்மா வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தாள். அவள் மடியில் ஒரு கைக்குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. தேய்த்துக் கொடுத்த பெண்ணின் குழந்தை.

அந்த நிமிஷத்தில் அப்பா, கருங்குழி, பத்திரிகைப் படம் எதுவும் எனக்கு ஞாபகம் இல்லை. ஓடிப்போய்ப் பீடத்தில் ஏறி எரிகிற சட்டியை வெறுங்கையால் பிடுங்கித் தூர எறிந்தேன். மேளம் நின்றது. "ஏந்திரிங்க! கொழந்தையத் தூக்கிக்கினு தூரப் போங்க!" என்று கத்தினேன். அந்த அம்மா பயந்துபோய்க் குழந்தையை வாரிக்கொண்டு விலகினாள். கூட்டம் என்னைச் சுற்றிக்கொண்டது.

"சாமிகிட்ட இன்னா வேல காட்டறே?" என்று ஒருவர் என் கையைப் பிடித்தார்.

"சாமி இல்லைங்க. கல்லு போச்சு" என்றேன். பட்டறையில் சொல்ல வேண்டிய வார்த்தை அங்கேதான் எனக்கு வாயில் வந்தது. உள்ளே விரிசல் இருக்கிறது, மெழுகு வைத்து மூடினேன், எப்போது வேண்டுமானாலும் விழும் என்று எல்லாவற்றையும் சொன்னேன். ஒருவரும் நம்பவில்லை. ஒன்றரை வருஷம் பொய்யை நம்பியவர்கள் உண்மையை நம்பவில்லை. "அம்மனுக்குப் பேரு வந்துட்ச்சி இல்ல, செலைய எடுத்துகினு போவ வந்துகிறா" என்றார் ஒருவர். இன்னொருத்தி மஞ்சள் தண்ணீர்க் குடத்தோடு முன்னால் வந்தாள்.

பந்தல் கால் நடக் குழி தோண்டிய கடப்பாரை ஓரமாகக் கிடந்தது. அதை எடுத்துக்கொண்டு மறுபடி பீடத்தில் ஏறினேன். கையில் கொப்புளம் எழும்பி எரிந்தது. யாரோ என் புடவையைப் பிடித்து இழுத்தார்கள். தூரப் போங்க, தூரப் போங்க என்று அழுதுகொண்டே, கடப்பாரையின் பக்கவாட்டால் மணிக்கட்டில் ஒரு தட்டுத் தட்டினேன். பலமான அடியே இல்லை.

கையும் பாதிக் கூடையும் ஒரே துண்டாகக் கழன்று பாய்மேல் விழுந்தன. தரை அதிர்ந்தது. பாய் மணலுக்குள் அரை முழம் இறங்கிவிட்டது. வெற்றிலைத் தட்டு கல்லுக்கு அடியில் நசுங்கியிருந்தது. உடைந்த இடத்தின் ஓரம் முழுக்க மஞ்சளாக மெழுகு தெரிந்தது.

அடிக்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். அடித்தால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன். அந்த அம்மாதான் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு கிட்டே வந்தாள். பாய் புதைந்த பள்ளத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"எத்தினி நாளா தெரியும் உனுக்கு?"

"ஆரம்பத்துலேர்ந்தே."

அவள் திட்டுவாள் என்று காத்திருந்தேன். குழந்தையின் முதுகைத் தட்டிக்கொடுத்துக்கொண்டே, கோபமே இல்லாமல், நிஜமாகவே புரியாமல் கேட்டாள்.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா நவுந்து குந்தியிருப்பனே, கண்ணு?"